டிஸ்னி டைனிங் பிளான்: யாருக்குக் கட்டுப்படியாகும், யாருக்குக் கையைக் கடிக்கும்

ஃப்ளோரிடாவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்கு அறையும் டிக்கெட்டும் சேர்த்துப் பதிவு செய்யும்போது, பணம் கட்டுவதற்குச் சற்று முன் ஒரு கேள்வி வரும்: சாப்பாட்டுத் திட்டத்தையும் சேர்த்துக்கொள்கிறீர்களா? முன்கூட்டியே கட்டிவிட்டால் அங்கே போய் ஒவ்வொரு வேளையும் பர்ஸைத் திறக்க வேண்டாம் என்பதே இதன் கவர்ச்சி. ஆனால் இதைத் தள்ளுபடி என்று நினைத்து வாங்குபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். தினமும் ஒரு காக்டெய்ல், கொழுத்த ஸ்டேக், சாப்பாடு முடிந்ததும் ஒரு இனிப்பு என்று சாப்பிடுகிற ஆளை மனத்தில் வைத்துப் போட்ட விலை இது. அப்படிச் சாப்பிடாதவர் மிச்சத்தை டிஸ்னிக்கே விட்டுவிட்டு வருகிறார்.

கொரோனா காலத்தில் நிறுத்தப்பட்ட இந்தத் திட்டம் 2024 ஜனவரி 9 முதல் மீண்டும் வந்தது. இப்போது இரண்டு வகை. குயிக் சர்வீஸ் திட்டத்தில் ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு கவுன்டரில் வாங்கிச் சாப்பிடும் வேளை 2, ஸ்நாக் 1. டிஸ்னி டைனிங் பிளான் என்ற பெரிய திட்டத்தில் மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் வேளை 1, கவுன்டர் வேளை 1, ஸ்நாக் 1. இரண்டிலும் திரும்பத் திரும்பப் பானம் நிரப்பிக்கொள்ளும் ரீஃபில் மக் ஆளுக்கொன்று கிடைக்கும். திரும்ப வந்தபோது வைத்த விலை: குயிக் சர்வீஸ் பெரியவருக்கு 57.01 டாலர், குழந்தைக்கு 23.83, பெரிய திட்டம் பெரியவருக்கு 94.28, குழந்தைக்கு 29.69. எல்லாம் ஒரு இரவுக்கு, வரி உட்பட. அதற்குப் பிறகு விலை ஏறிவிட்டது, மெனு விலையும் கூடவே ஏறியிருக்கிறது. கீழே உள்ள கணக்கு முழுவதும் அந்த 2024 விலையை வைத்துத்தான். டாலர் மாறினாலும் விகிதம் பெரிதாக மாறவில்லை.

கணக்குக்குப் போகும் முன் நிபந்தனைகளைப் பார்த்துவிடலாம். டிஸ்னியின் சொந்த ஹோட்டலில் தங்குபவருக்கு மட்டுமே திட்டம். ஸ்வான், டால்ஃபின் ஹோட்டல்கள் டிஸ்னி வளாகத்துக்குள்ளேயே இருந்தாலும் அங்கே தங்கினால் கிடையாது. ஒரே பதிவில் உள்ள 3 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லோருக்கும், எல்லா இரவுகளுக்கும், ஒரே வகைத் திட்டத்தைத்தான் வாங்க வேண்டும். “நான் வாங்கிக்கொள்கிறேன், பாட்டிக்கு வேண்டாம்” என்பது நடக்காது. அரை இட்லிக்கு மேல் சாப்பிடாத பாட்டிக்கும் 94 டாலர்தான். 3 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை பெற்றோர் தட்டிலிருந்து சாப்பிடலாம், அதற்குக் கட்டணமில்லை.

வயதுக் கோடு 10. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. 9 வயதுப் பிள்ளைக்கு 29.69, 10 வயதுப் பிள்ளைக்கு 94.28. ஒரு பிறந்தநாளுக்கு 64 டாலர், அதுவும் ஒவ்வொரு இரவும். 10 முதல் 20 வயது வரையுள்ளவர் முழு விலை கொடுக்கிறார், ஆனால் திட்டத்தின் விலைக்குள் ஒளிந்திருக்கும் மதுபானம் அவருக்குக் கிடையாது, 21 ஆனவருக்கே அது. ஆகவே பதின்வயதுப் பிள்ளைகள் இருவரோடு போகும் குடும்பம்தான் இந்தத் திட்டத்தில் அதிகம் இழக்கும். அவர்கள் இங்கேயே படிப்பதை நிறுத்திவிட்டு, கார்டைத் தேய்த்துச் சாப்பிடப் போகலாம்.

இனி குயிக் சர்வீஸ் கணக்கு. கவுன்டரில் ஒரு பெரியவர் சாப்பாடு சுமார் 15 டாலர், குளிர்பானம் சுமார் 5. இரண்டு வேளைக்கு 40. டோல் விப் என்ற அன்னாசி ஐஸ்கிரீம் மாதிரி ஒரு ஸ்நாக் 6.50. டிஸ்னி வேர்ல்டு இருக்கும் ஆரஞ்சு கவுன்டியின் விற்பனை வரி 6.5 சதவீதத்தையும் சேர்த்தால் 49.50 வரும். 57.01-ஐ எட்டவில்லை. மக்கை விலை கொடுத்து வாங்கினால் 20 டாலருக்குச் சற்று மேல். 5 இரவுக்குப் பிரித்தால் நாளுக்கு 4 டாலர் சொச்சம். அப்போதும் கொஞ்சம் குறைகிறது.

அந்த 5 டாலர் குளிர்பானத்தைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். டிஸ்னியின் கவுன்டர் கடைகளில் கேட்டால் ஐஸ் போட்ட குடிநீர் ஒரு கப்பில் இலவசமாகத் தருவார்கள். சோடா குடிக்காத ஒருவர் தண்ணீரோடு சாப்பிட்டால் அன்றைய செலவு வரியோடு 39 டாலர்தான். திட்டத்தில் அவர் 57 கட்டியிருக்கிறார். நாளுக்கு 18 டாலர், 5 இரவுக்கு 90, ஒரே ஆளுக்கு. மறுபக்கம், இரண்டு வேளையும் 12 டாலர் பீர் எடுப்பவருக்கு மெனு விலையில் 64 டாலர் ஆகியிருக்கும். அவருக்கு 7 டாலர் லாபம். திட்டம் யாருக்காகப் போட்டது என்பது இந்த இரண்டு ஆட்களையும் பக்கத்தில் நிறுத்தினாலே தெரிந்துவிடும்.

மக் பற்றியும் ஒரு வார்த்தை. அதை ஹோட்டலில் மட்டும்தான் நிரப்பலாம், பூங்காக்களுக்குள் முடியாது. காலையில் காபி, இரவில் ஒரு குளிர்பானம் என்று ஹோட்டலின் ஃபுட் கோர்ட் பக்கத்திலேயே அறை கிடைத்தவருக்குப் பயன்படும். பெரிய ஹோட்டலில் ஃபுட் கோர்ட்டுக்குப் பத்து நிமிட நடை என்றால், இரண்டாம் நாளே அது பல் துலக்கும் கிளாஸாகிவிடும்.

குழந்தைப் பங்கு மட்டும் நியாயமான விலை. சிறுவர் சாப்பாடு பானத்தோடு சுமார் 9 டாலர், இரண்டு வேளையும் ஒரு ஸ்நாக்கும் வரியோடு 26 வரும். திட்டத்தில் 23.83. பெரியவரிடம் வாங்கிய கூடுதலில் கொஞ்சத்தைப் பிள்ளைக்குத் திருப்பித் தருகிறார்கள், அவ்வளவே.

பெரிய திட்டத்தின் கதை வேறு. அதன் உயிர் கேரக்டர் டைனிங்கில் இருக்கிறது: மிக்கி, கூஃபி எல்லாம் மேசைக்கு வந்து படம் எடுத்துக்கொள்ளும் விருந்துகள். கன்டெம்பரரி ஹோட்டலில் உள்ள ஷெஃப் மிக்கீஸ், அனிமல் கிங்டம் பூங்காவின் டஸ்கர் ஹவுஸ் போன்றவற்றில் இரவு உணவு பெரியவருக்கு 60 டாலருக்கு மேல், குழந்தைக்கு 40 டாலர் அளவில். அதற்குத் திட்டத்தில் ஒரே ஒரு டேபிள் கிரெடிட்தான் (கட்டிய வேளைகள் கணக்கில் கிரெடிட் என்று நிற்கும், மேசை வேளை ஒன்றுக்கு ஒரு டேபிள் கிரெடிட்) போகும். அப்படி ஒரு விருந்து, கவுன்டர் சாப்பாடு, ஸ்நாக் மூன்றையும் மெனு விலையில் கூட்டினால் பெரியவருக்கு ஏறக்குறைய 94 டாலர், திட்ட விலைக்குச் சமம். குழந்தைக்கு 59 டாலர், திட்டத்தில் 29.69. நேர்பாதி! 10 வயதுக்குக் கீழ் இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அந்த நாளில் 58 டாலர் மிச்சம்.

ஆனால் எந்தக் குடும்பமும் 5 நாளும் மிக்கியோடு சாப்பிடாது. மூன்றாம் நாள் பிள்ளைகளே எழுந்து பார்க்க மாட்டார்கள். சாதாரண மெனு உணவகத்தில் சாப்பிடும் நாளில் கிரெடிட்டுக்கு ஒரு முக்கிய உணவு, ஒரு இனிப்பு, ஒரு பானம் கிடைக்கும், முன்னுணவு சேராது. 28 டாலர் உணவு, 10 டாலர் இனிப்பு, 5 டாலர் பானம் என்று வைத்தால், அன்றைய மொத்தம் பெரியவருக்கு வரியோடு 74 டாலர். 20 டாலர் நஷ்டம். குழந்தைக்கு 3 டாலர் அளவில் லாபம், அது கணக்கில் வராது.

ஆக, பெரியவர் 2, பிள்ளைகள் 2, 5 இரவு, திட்ட விலை 1,239.70 டாலர் என்ற குடும்பத்துக்கு இரண்டு கேரக்டர் விருந்துகளும் மூன்று சாதாரண உணவகங்களும் என்றால், லாபமும் நஷ்டமும் ஒன்றையொன்று தின்று பத்துப் பதினைந்து டாலர் லாபத்தில் முடியும். மூன்று விருந்து என்றால் திட்டம் வெல்லும். ஒன்று என்றால் தோற்கும். இதுவும் எல்லோரும் இனிப்பையும் குளிர்பானத்தையும் தவறாமல் எடுத்தால்தான். “வயிறு நிரம்பிவிட்டது, இனிப்பு வேண்டாம்” என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் 10 டாலர் கைமாறுகிறது. சிலர் அதற்காகவே வேண்டாத கேக்கை விழுங்குகிறார்கள். கட்டிய காசுக்காகச் சாப்பிடும் இந்த மனநிலைதான் முன்பணத் திட்டங்களின் மிகப்பெரிய குறை.

இரண்டு கிரெடிட் கேட்கும் இடங்களில் எச்சரிக்கை தேவை. மேஜிக் கிங்டம் பூங்காவின் கோட்டைக்குள் இருக்கும் சின்ட்ரெல்லாஸ் ராயல் டேபிள், கன்டெம்பரரியின் மாடியில் உள்ள கலிஃபோர்னியா கிரில், சாப்பாட்டோடு நடக்கும் ஹூப்-டீ-டூ இசை நிகழ்ச்சி எல்லாம் அப்படி. ராயல் டேபிளில் இரவு உணவு பெரியவருக்கு 80 டாலரை ஒட்டி இருக்கும். இரண்டாகப் பிரித்தால் கிரெடிட்டுக்கு 40. அதே இரண்டு கிரெடிட்டில் ஷெஃப் மிக்கீஸுக்கு இரண்டு இரவு போனால் 120-க்கு மேல் மதிப்பு. கோட்டைக்குள் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று மகள் அடம்பிடித்தால், அந்த ஒரு வேளைக்குத் தனியாகப் பணம் கொடுத்துவிட்டு கிரெடிட்டை விருந்துகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

காலை, இரவு இரண்டுக்கும் கிரெடிட் ஒன்றே என்பதையும் பார்க்க வேண்டும். காலை விருந்து இரவைவிட மலிவு. திட்டத்தில் போகிறவர் இரவையும், கைக்காசில் போகிறவர் காலையையும் எடுப்பதே கணக்கு. இன்னொரு யோசனை: ஃப்ளோரிடாவில் கோடைக்காலப் பிற்பகலில் இடிமழை வழக்கம். 2 மணி, 3 மணிக்கு உட்காரும் உணவகத்தில் இடம் வைத்திருந்தால் வெயிலும் மழையும் ஒருசேரக் கழிந்துவிடும்.

டிப்ஸ் திட்டத்தில் அடங்காது. அமெரிக்காவில் மேசைக்கு வந்து பரிமாறும் உணவகத்தில் 18 முதல் 20 சதவீதம் கொடுப்பது வழக்கம். 6 பேரும் அதற்கு மேலும் போனால் 18 சதவீதத்தை அவர்களே பில்லில் சேர்த்துவிடுவார்கள். மேலே சொன்ன குடும்பத்துக்கு இரண்டு விருந்து, மூன்று சாதாரண உணவகம் என்றால் டிப்ஸ் மட்டும் சுமார் 135 டாலர். “எல்லாம் கட்டியாயிற்று” என்ற நிம்மதியில் இருக்கும்போது வரும் செலவு இது. கவுன்டரில் சாப்பிட்டிருந்தால் இந்தச் செலவே இல்லை.

கிரெடிட் இருந்தால் இடம் கிடைக்கும் என்று பொருளில்லை. திட்டம் வேறு, முன்பதிவு வேறு. 60 நாள் முன்பே பதிவு திறக்கும். டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்கள் செக்-இன் நாளுக்கு 60 நாள் முன் உட்கார்ந்து, தங்கும் நாட்களில் 10 நாள் வரைக்கும் சேர்த்தே பதிவு செய்யலாம். அமெரிக்கக் கிழக்கு நேரம் காலை 6 மணிக்குத் தயாராக இருங்கள். எல்லோரும் முதல் நாள் விருந்துக்கே மோதுவார்கள், ஆகவே பயணத்தின் கடைசி நாட்களுக்குப் பெயர்போன இடங்களை வைத்தால் எளிதில் கிடைக்கும். வராமல் போனால் ஆளுக்கு 10 டாலர் பிடிப்பார்கள். பயண ஏற்பாடு மாறினால் 2 மணி நேரத்துக்கு முன்பாவது ரத்து செய்துவிடுங்கள். முன்பதிவுக்குத் திட்டம் கட்டாயமில்லை. முதலில் இடங்களைப் பிடியுங்கள். நினைத்த மூன்று விருந்தும் கிடைத்தால் பேக்கேஜைத் திருத்தித் திட்டத்தைச் சேர்ப்பதா என்று யோசிக்கலாம். கிடைக்கவில்லையென்றால் அந்தப் பேச்சே வேண்டாம்.

சைவ உணவுக்காரர்களுக்குத் தனிக் கணக்கு. ஸ்டேக்குக்கும் பாஸ்தாவுக்கும் ஒரே கிரெடிட், மெனுவில் மலிவான வரிசை எப்போதும் சைவம்தான். எனவே சாதாரண உணவகத்தில் சைவ உணவுக்காரருக்கு நஷ்டம் இன்னும் கூடும். பஃபேயில் இந்தச் சிக்கல் இல்லை, விலை எல்லோருக்கும் ஒன்று. டஸ்கர் ஹவுஸிலும் அனிமல் கிங்டம் லாட்ஜில் உள்ள போமாவிலும் ஆப்பிரிக்க, இந்திய மணத்தோடு பருப்பும் காய்கறியும் போட்ட உணவுகள் நிறைய, இரண்டும் ஒரு கிரெடிட். அதே லாட்ஜின் கிடானி பகுதியில் உள்ள சனா, நான் ரொட்டியும் பலவகைத் தொக்குகளும் சேர்ந்த தட்டுக்குப் பெயர்போனது. அதைக் கைக்காசு கொடுத்து நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடுவதே நல்லது. பூங்காவுக்குள் கவுன்டர் கடை என்றால் அனிமல் கிங்டமின் பண்டோரா பகுதியில் உள்ள சாடுலி கேன்டீன். டோஃபு, தானியம், காய் வைத்த கிண்ணம் அங்கே உருப்படியாக இருக்கும். மெனுவில் பச்சை இலைக் குறி இருந்தால் அதில் இறைச்சி, பால், முட்டை, தேன் எதுவும் இல்லை என்று பொருள். வெங்காயம், பூண்டு இருக்கும். அதே எண்ணெயில் வேறு எது பொரித்தார்கள் என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்டால் சமையலறையிலிருந்து ஆள் வந்து சொல்வார்.

வெளிச் சாப்பாட்டை டிஸ்னி பூங்காக்களுக்குள் கொண்டுபோகத் தடையில்லை. கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் உதிரி ஐஸும் கூடாது, அவ்வளவே. புளியோதரையோ தயிர்சாதமோ டப்பாவில் இருந்தால் ஒருவேளைச் செலவு மிச்சம். ஹோட்டல் அறையில் சிறிய குளிர்சாதனப் பெட்டி உண்டு. ஆர்ட் ஆஃப் அனிமேஷன் ஹோட்டலின் குடும்ப அறைத்தொகுதிகளில் மைக்ரோவேவும் உண்டு. இப்படிச் சமாளிக்கும் வழக்கம் உள்ள வீட்டுக்கு நாளுக்கு இரண்டு வேளை கட்டிய திட்டம் சுமைதான். அமெரிக்க அளவுத் தட்டு பெரிது, இரண்டு பேர் பகிர்ந்து சாப்பிடுவது நம் வழக்கம். ஆளுக்கொரு தட்டு என்று முன்பணம் கட்டியபின் அந்த வழக்கத்தால் ஒரு காசும் மிச்சமாகாது.

சலுகைகளுக்கு வருவோம். 2026 பயணங்களுக்கு, பெரியவர்கள் திட்டம் வாங்கினால் 3 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்குத் திட்டம் இலவசம் என்று டிஸ்னி அறிவித்தது. இதனால் கணக்கு உண்மையிலேயே மாறுகிறது. நம் நால்வர் குடும்பத்துக்கு குயிக் சர்வீஸ் 5 இரவுக்கு 808.40. பெரியவர்கள் தண்ணீரோடு சாப்பிட்டால் கவுன்டரில் ஆகும் செலவு 650 அளவில், 158 நஷ்டம். பிள்ளைகளுக்கு இலவசமென்றால் திட்டம் 570.10, இப்போது 80 லாபம். ஆனால் இத்தகைய சலுகை தள்ளுபடியில்லாத, முழு விலைப் பேக்கேஜோடுதான் வரும். அதே தேதிகளில் இரவுக்கு 250 டாலர் அறைக்கு 20 சதவீதத் தள்ளுபடி கிடைக்கிறது என்று வையுங்கள். 5 இரவில் 250 டாலர் மிச்சம். 80-ஐ எடுத்துக்கொண்டு 250-ஐ விடுவதா? “இலவசம்” என்ற சொல்லைப் பார்த்ததும் அறைத் தள்ளுபடி விலையையும் ஒருமுறை தனியாகப் போட்டுப் பாருங்கள்.

வாங்குவதென்று முடிவெடுத்தவர்களுக்கு, கிரெடிட் வீணாகும் இடங்கள் இவை. ஸ்நாக் கிரெடிட்டைத் தண்ணீர் பாட்டிலுக்குக் கொடுப்பது. 6, 7 டாலர் பண்டத்துக்கும் அதே கிரெடிட்தான். கவுன்டர் கிரெடிட்டை மலிவான காலை உணவுக்கு உடைப்பது. காலைக்கு அறையிலேயே ரொட்டியும் பழமும் போதும். ஆர்டர் செய்யும்போதே டைனிங் பிளானில் என்று சொல்ல மறப்பது. டிஸ்னியின் ஆப்பில் ஆர்டர் செய்தால் பணம் செலுத்தும் பக்கத்தில் கார்டுக்குப் பதில் திட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இருப்பு எவ்வளவு என்பது பில்லிலும் ஆப்பிலும் தெரியும், தினமும் இரவு ஒருமுறை பாருங்கள்.

கிரெடிட் இரவுக் கணக்கில் வரும், ஆனால் செக்-இன் செய்ததுமே மொத்தமும் கையில் இருக்கும். 5 இரவு என்பது 6 நாட்களில் பரவும். நாளுக்கு இத்தனை என்ற கட்டாயமில்லை. விமானத்தில் வந்து களைத்த முதல் நாள் ஒன்றுமே எடுக்காமல், பூங்காவில் முழு நாள் கழிக்கும் அன்று மூன்று வேளை எடுக்கலாம். செக்-அவுட் நாள் நள்ளிரவோடு மீதி எல்லாம் செத்துவிடும், பணம் திரும்பாது. கடைசி நாளில் ஸ்நாக் மட்டும் ஏழெட்டு மிஞ்சினால், எப்காட் பூங்காவின் ஜெர்மனி பகுதியில் உள்ள கேரமெல் கடையில் ஸ்நாக் குறி போட்ட பொட்டலங்களாகப் பார்த்து எடுங்கள். பெட்டியில் வைத்து ஊருக்கும் கொண்டுபோகலாம். டேபிள் கிரெடிட் மிஞ்சினால் அப்படி வழியில்லை. ஆகவே விமானம் மாலையில் என்றால் கடைசி நாள் மதியத்துக்கு ஒரு விருந்தை 60 நாள் முன்பே போட்டு வையுங்கள்.